வெள்ளை லேபிள்

காக்ஸ் டவுனில் இரவு பதினொன்றுக்கு மேல்தான்
மின்சாரம் சுத்தமாக வரும்.
எதிர்வீட்டு மோட்டார் ஓய்ந்து,
ஈஸ்ட் ஸ்டேஷனைச் சரக்கு வண்டி தாண்டும்வரை
ஊசியை இறக்காமல் பிடித்திருப்பேன்.
தட்டுமேடைக்கு அடியில் கடப்பாக் கல்,
கல்லுக்கு அடியில் டென்னிஸ் பந்துகள், பாதியாய் வெட்டியவை.
சிரிக்காதீர்கள், வேலை செய்கிறது.

ஆலையிலிருந்து சோதனைத் தட்டுகள் ஐந்து.
தலைக்கு நூற்றெண்பது கிராம் என்றார்கள்.
சமையலறைத் தராசில் வைத்தேன்:
நூற்றெழுபத்தாறு. நூற்றெண்பத்திரண்டு.
எடைக்கும் இசைக்கும் சம்பந்தமில்லை என்று தெரியும்,
இருந்தாலும் வைத்தேன்.

திருப்பனந்தாள் ஏகாம்பரத்தின் கிளாரினெட்,
அறுபத்தெட்டில் பதிந்தது.
நான் 'சரி' என்று எழுதினால் ஐந்நூறு அச்சாகும்.
'இல்லை' என்றால் ரொசாரியோ
இரண்டு மாதம் என்னோடு பேசமாட்டான்.
பணம் அவனுடையது, காது என்னுடையது.

முதல் தட்டை வெளிச்சத்தில் சாய்த்தால்
மழைத் தார்ச்சாலையில் பெட்ரோல் சிந்தியதுபோல் ஒரு மேகம்.
ஓட்டினேன். இடப்பக்கம் துணி கிழிகிற சத்தம்.
சூடான பிசின் பள்ளத்தில் அமருமுன்பே
அச்சைத் தூக்கிவிட்டார்கள்.
யாருக்கோ ஷிப்ட் முடியும் நேரம்.

இரண்டாவதில் நடுத்துளை மயிரிழை தள்ளி விழுந்திருக்கிறது.
ஊசிக்கரம் தூளி ஆடுகிறது,
பந்துவராளியின் நிஷாதம் சுற்றுக்கொருதரம் வழுக்குகிறது.
செத்து இத்தனை வருஷம் கழித்து
மனுஷனுக்குச் சுருதி நிற்கவில்லை என்று எவனாவது சொல்வான்.
விடமாட்டேன்.

மூன்று, நான்கு, ஐந்து:
கறுப்பு. கிணற்றுக் கறுப்பு.
மிருதங்கத்தின் தொப்பி அடிவயிற்றில் இறங்குகிறது.
ஆனால் பல்லவியின் இரண்டாம் சுற்றில்
ஒரு 'டக்'.

இந்த வேலைக்குச் சட்டம் ஒன்றுதான்.
ஒரு தட்டில் கேட்டால் அழுத்தியவன் பிழை,
எல்லாத் தட்டிலும் கேட்டால் அச்சின் பிழை,
நாடாவிலேயே கேட்டால்
அது வாசித்தது.

ஐந்திலும் கேட்டது. நாடாவின் பிரதியைப் போட்டேன்.
அங்கேயும். ஏழுமுறை கேட்டபின் பிடிபட்டது:
மோதிரம். விரல் எழும்போது குழலில் தட்டுகிறது,
அதுவும் சரியாக எடுப்பில்.
எழுதினேன்: டக், கைவைக்க வேண்டாம்.

இன்னும் ஒன்று.
நாட்டக்குறிஞ்சி முடிந்து வெற்றுப் பள்ளம் ஓடும்போது
நூல்போல ஒரு சீழ்க்கை.
மூன்றில். நான்கில். ஐந்தில். நாடாவில்.
சட்டப்படி அதுவும் வாசித்ததுதான்.
ஆனால் நாடா நின்றபின்னும்,
ஆம்பிளிஃபயரின் பச்சை விளக்கு அணைந்தபின்னும்,
ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கியபின்னும்.
இடது காதை உள்ளங்கையால் பொத்தினேன்.
இன்னும் உரத்துக் கேட்டது.

எவ்வளவு நாளாக?
போன வருஷம் அந்த வயலின் தட்டைத் திருப்பியனுப்பினேன்,
'உயர் ஸ்தாயியில் இரைச்சல்' என்று சிவப்பு மையில்.
முந்நூறையும் உருக்கினார்கள்.
உருக்கிய பிசினை வீணாக்கமாட்டார்கள்.
இந்த முதல் தட்டில்கூட
அந்த வயலின் கொஞ்சம் இருக்கலாம்.

நாலு மணிக்குப் படிவத்தை நிரப்பினேன்.
துளை: கருவியைச் சரிபார்க்கவும்.
அழுத்தம்: சில நொடி கூட்டவும்.
மேற்பரப்பு: மூன்றாம் தட்டுபோல் எல்லாம் வந்தால் சரி.
'கேட்ட கருவிகள்' என்ற இடத்தில்
வழக்கம்போல் ஊசி, கரம், ஒலிபெருக்கி.
அதற்குக் கீழே
இதுவரை எழுதாத ஒன்று:

இடது காது. ஐம்பத்துமூன்று வருஷம் ஓடியது.
மெல்லிய சீழ்க்கை உண்டு, எப்போதும்.
கழித்துக்கொள்ளவும்.