ஒரு பக்கம் இருபது காசு

கோல கெட்டில் பஸ் ஸ்டேஷனுக்கு எதிரே
கோழிச்சோற்றுக் கடைக்கும் நாலு நம்பர் கடைக்கும் நடுவில்
என் கடை.
போட்டோஸ்டேட், லேமினேட், ஃபாரம் பூர்த்தி.
மழைக்கு அஞ்சடியில் ஒதுங்குகிறவர்கள்
கண்ணாடியில் ஒட்டிய விலைப்பட்டியலை
இரண்டு முறை படிப்பார்கள்.

தவசீலன் செவ்வாய்க்கிழமை வந்தான்.
செம்பனை ஆலையில் கொதிகலன் வெல்டர், பதினோரு வருஷம்.
சட்டை முழுக்கப் பொசுங்கிய பொட்டு ஓட்டைகள்.
"அக்கா, ஆஸ்திரேலியாவுல ஒரு கரும்பு மில்லு.
மொதலாளியே பொறுப்பெடுத்து எழுதிக் குடுக்குறான்.
ரெண்டு வருஷ பெர்மிட் இல்ல, நெரந்தரம்."
சூடான வடையை வாயில் போட்டவன் மாதிரி
அந்தச் சொல்லை
நாக்கில் இப்படியும் அப்படியும் புரட்டினான்.

பதினோரு வருஷத்தில் ஆலை மூன்று கை மாறியிருந்தது.
சம்பளச் சீட்டில் மூன்று கம்பெனிப் பெயர்கள்.
அதே கொதிகலன், அதே ஒழுகும் குழாய்,
உள்ளே படுத்து ஒட்டியவனும் அவனேதான்.
அதை யாராவது எழுதித் தரவேண்டுமாம்.
கிராணி ரொஸ்லி தந்தார்;
கீழே குத்திய முத்திரை மட்டும்
இப்போது இல்லாத முதல் கம்பெனியுடையது.

திறன்: விவரிக்கவும், என்றது ஃபாரம்.
"ஆவி எங்க கசியுதுன்னு
சத்தத்தை வெச்சே சொல்லுவேன்க்கா."
அதற்கு எனக்கு ஆங்கிலம் வரவில்லை.
உயரழுத்தக் குழாய்ப் பற்றவைப்பு என்று அடித்தேன்.
அவன் தலையாட்டினான்,
வேறு யாரையோ பற்றிக் கேட்பவன் போல.

உடன் வரும் மனைவி: இந்திராவதி.
பிறந்த ஊர்: பத்தாங்கட்டைத் தோட்டம்.
குடியுரிமை:
"அத அப்புறம் போட்டுக்கலாம்" என்றான்.
வெறும் கட்டத்தோடு அடுத்த பக்கத்துக்குப் போகக்
கணினி விடவில்லை.
சின்னதாய் ஒரு சிவப்பு நட்சத்திரம் காட்டியது.

வியாழக்கிழமை அவள் வந்தாள், தனியாக.
கையுறை ஃபேக்டரியின் இரவு ஷிப்ட் முடிந்து நேராக;
நெற்றியில் தலைவலை பதிந்த கோடு.
அட்டையை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.
நான்தான் திருப்பினேன்.
சிவப்பு ஐசி.
பெமஸ்தாவுத்தின் தெத்தாப்.
நிரந்தரவாசி.

அவள் பிறந்த லயம் இங்கிருந்து ஏழு கிலோமீட்டர்.
பிறப்பைப் பதியப் போக வேண்டிய நாளில்
அவள் அப்பா கித்தா வெட்டப் போனார்;
பிறகு போனபோது அம்மாவின் தாள்களைக் கேட்டார்கள்,
அம்மாவிடம் தாளே இல்லை.
நீலத்துக்கு ஆறு முறை மனுப் போட்டாள்.
நாலு நான் அடித்தவை.
ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது,
காரணம் மட்டும் வரவில்லை.

"அவருக்கு அங்க குடுக்குற நெரந்தரமும்
எனக்கு இங்க குடுத்த நெரந்தரமும் ஒண்ணாக்கா?"

நான் விசைப்பலகையின் தூசியை ஊதினேன்.

"அவருக்கு ஒரு மொதலாளி எழுதுனாப் போதும்.
எனக்கு யாரு எழுதணும்?"

நாலு நம்பர் கடையில் யாரோ
இறந்துபோன மாமனாரின் லோரி நம்பரைச்
சத்தமாய்ச் சொல்லிக்கொண்டிருந்தார்.
அவள் காதில் விழுந்திருக்கும்.
எனக்கும் விழுந்தது, இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

முன்பக்கம், பின்பக்கம், ஒரே தாளில்.
கதகதப்பாக வெளியே வந்தது.
முகம், எண், விலாசம்.
ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள்.
"இதுல செவப்பே தெரியலக்கா."
"தெரியாது. எந்தக் கலர் ஐசி வச்சாலும்
இந்த மெஷினுக்குச் சாம்பல்தான்."

"இன்னும் அஞ்சு எடுங்க."

எடுத்தேன்.
வேறு எதற்கென்று கேட்கவில்லை.
ஒரு வெள்ளி இருபது காசு;
சில்லறையை எண்ணி வைத்தாள்.

ஃபாரத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது,
வண்ண நகல் மட்டுமே ஏற்கப்படும்.

கலர் மை தீர்ந்துபோச்சு,
நாளைக்கு வாம்மா என்றேன்.
நேற்றுத்தான் ஊற்றியிருந்தேன்.