பன்னிரண்டு மணி ஷட்டர்

காசிமேட்டில் மூடிப்போன ஐஸ் கம்பெனிக்கு மேலே
இரண்டாவது மாடி.
சன்னலில் கம்பிவலை, வலையில் உப்பு.
பெல்ட், பிளேடு, செல்போன், அரைஞாண் கயிறு எல்லாம் கீழே
பிஸ்கட் டப்பாக்களில், பேர் எழுதி.
என் டப்பாவில் நாற்பது ரூபாயும்
ஒரு ஸ்பார்க் பிளக்கும்.
பிளக் எதற்கு என்று கேட்டார்கள்.
எனக்கும் தெரியவில்லை.

முதல் நாலு நாள் என்னிடம் இல்லை.
அடுத்த கட்டில் எட்வின்தான் வைத்திருக்கிறான்,
கேட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தருவான்.
சுவரிலிருந்து வலை பிரித்தேனாம்.
கண்ணி கண்ணியாக விரலை விட்டு
மீனைக் கழற்றித் தரையில் போட்டேனாம்.
'மிதிக்காத, வஞ்சிரம்' என்று
நர்ஸம்மாவை அதட்டினேனாம்.
'அவங்களும் சுத்திக்கினு போனாங்கடா' என்கிறான்.

ஐந்தரைக்கு மணி.
பேஸ்ட்டை வார்டன் சற்குணம்தான் பிதுக்குவார்,
ஆளுக்குக் கடலைப்பருப்பு அளவு.
மாத்திரை போட்டதும் நாக்கைத் தூக்கிக் காட்டணும்.
டீயில் சர்க்கரை நாலு கரண்டி, கேட்டால் ஐந்து.
இனிப்புக்கு இங்கே யாரும் வெட்கப்படுவதில்லை.
வெல்டர் தணிகாசலம், ஐம்பத்தெட்டு வயது,
தலையணைக்கடியில் ஆரஞ்சு மிட்டாய் ஒளித்திருக்கிறார்.

பத்து மணிக்கு வட்டமாக உட்காரணும்.
என் பேர் சூசைமாணிக்கம், நான் ஒரு குடிநோயாளி.
பேரைச் சொல்வது சுலபம்.
கடைசி வார்த்தை
இஞ்சினுக்குள் போன மணல்.
தணிகாசலம் அழுவார்.
எண்ணூர் பையன் நவாஸ், மாத்திரை கேஸ், சிரிப்பான்.
இரண்டும் ஒன்றுதான் என்கிறார் கவுன்சிலர் மேடம்.
இருக்கலாம். எனக்கு இரண்டும் வரவில்லை.
எதிர்ச் சுவரில் பெயிண்ட் உதிர்ந்த இடம்
பழவேற்காட்டு முகத்துவாரம் மாதிரி இருக்கிறது,
அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பிறகு கேரம்.
பதினொன்றரைக்கு மேல் எவனும் ஒழுங்காக ஆடுவதில்லை.
எதிர்ப்பக்கம் வரிசையாகக் கடைகள்.
இரும்புக்கடை ஷட்டர் இருமும்.
மெடிக்கல் ஷட்டர் ஒரே இழுப்பு.
பன்னிரண்டுக்குத் திறப்பது
பாதியில் சிக்கும், ஓர் உதை வாங்கும், மேலே போகும்.
அந்த உதைக்கு
இருபத்திமூன்று பேரும் நிற்போம்.
ஸ்ட்ரைக்கர் விரலடியில் நிற்கும்,
அடுப்படியில் கரண்டி நிற்கும்.
யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
அப்புறம் எவனாவது,
'ரெட்டு உனக்கா எனக்கா' என்பான்.

ஞாயிறு பிரகாசி வந்தாள், பையனோடு.
அடகுச் சீட்டைப் பற்றிப் பேசவில்லை.
காதில் துடைப்பக்குச்சி.
பையன் என் முகத்தைப் பார்க்கவில்லை,
கையைப் பார்த்தான்.
டீ கிளாசை நான் எடுத்து, குடித்து,
கீழே வைக்கிற வரைக்கும்.
கொஞ்சம் சிந்தியது.
'கூட்ஸ் வண்டி போச்சும்மா, அதான் ஆடிச்சு' என்றான்.
வண்டி எதுவும் போகவில்லை.

நேற்று சமையல் முறை எனக்கு.
ஐந்து கிலோ நெத்திலி.
தலையைக் கிள்ளி, அதோடு குடலை இழுத்து,
தலையைக் கிள்ளி, குடலை இழுத்து,
கை தன்பாட்டுக்குப் போனது, என்னைக் கேட்காமல்.
நிமிர்ந்தபோது சோறு வடித்தாகிவிட்டது.
மணி ஒன்று பத்து.
எட்வினிடம் கேட்டேன், இன்று திறந்தானா?
'தொறக்காம?'
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் வட்டமாக உட்காரவைத்துக் கை தட்டுவார்கள்.
ஆனால் கேட்கவில்லை என்று நினைத்த அந்த நொடியே
தொண்டை வறண்டு
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
குழாயைத் திறந்து வாயை வைத்தேன்.
குளோரின் வாடை, சட்டையெல்லாம் தண்ணீர்,
கை முழுக்க மீன் வெள்ளி.

இன்று கேட்டது.
சிக்கி, உதை வாங்கி, மேலே.
ஸ்ட்ரைக்கர் என் விரலடியில்தான் இருந்தது.