செல்லாது

ஒக்டோபர் ஞாயிறு. டெலெமோன் பள்ளிக்கூடத்து
உடற்பயிற்சி மண்டபம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
நாலு மேசை, சாம்பல் நிற உறைகள், ரப்பர் வளையங்கள்,
இரண்டு பிளாஸ்க் கோப்பி.

வாக்கெண்ணச் சொல்லிக் கடிதம் வந்தபோது
பிழையான ஆளுக்கு வந்ததென்று நினைத்து
நகரசபைக்கே திருப்பிக் கொண்டுபோனவள் நான்.
"இல்லை மதாம், நீங்கள்தான்"
என்றாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெட்டை,
பத்மலோஜினி என்ற என் பேரில்
இருட்டுப் படிக்கட்டில் இறங்குவதுபோல்
ஒவ்வோர் எழுத்தாய்க் கால்வைத்து.

என்னிடம் இருப்பது சி விசா.
பெர்னில் முடிவாகிற பெரிய விஷயங்களுக்கு எனக்கு வாய் கிடையாது.
ஆனால் தெருவிளக்கு எங்கே,
நீச்சல்குளம் எத்தனை மணிவரை,
இதற்கெல்லாம் எனக்கும் ஒரு வாக்கு.

இந்த மண் என்னிலும் எட்டு வயசு இளையது.
மாநிலம்தான். என்றாலும் பேருக்கு முன்னால்
குடியரசு என்று போட்டுக்கொள்ளும்.
பிரிந்துபோகப் பாறையில் பெயின்ற் அடித்தவர்கள்
மூட்டுவலி மருந்துக்கு
இப்போது என்னோடு வரிசையில் நிற்கிறார்கள்.
கொடியில் ஏழு கோடு. முதலில் வந்து சேர்ந்ததோ
மூன்றே மாவட்டம்.
வராதவைக்கும் சேர்த்துத் தைத்த அந்தத் துணியை
முதல்முறை எண்ணிப் பார்த்த அன்று
நான் பஸ்ஸைத் தவறவிட்டேன்.

எண்ணத் தொடங்கினோம்.
இங்கே சீட்டைச் சும்மா போடமாட்டார்கள்.
பிடிக்காத பேரைப் பேனையால் வெட்டுவார்கள்,
மற்றக் கட்சியிலிருந்து ஒருவரைத் தூக்கிவந்து
ஓரத்தில் குடியிருத்துவார்கள்.
யாரோ ஒருத்தர் பேக்கரிக்காரரை மட்டும் விட்டுவிட்டு
மிச்சப் பேர் முழுவதையும் அடிமட்டம் வைத்து வெட்டியிருந்தார்.
பாண் நல்லதாக இருக்கவேண்டும்.

எங்கட ஊரில் பெட்டி வந்தது, சனம் வரவில்லை.
பிறகு பெட்டியும் வரவில்லை.

மூன்றரை மணிக்கு லொயிக்,
என் மகனோடு படித்த பொடியன்,
ஒரு சீட்டைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு
"இது என்ன, படமா?" என்றான்.
மேசைத் தலைவர் மிஸ்யூ வுவாரோல்
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.
பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

தமிழ். நீல மை.
வேட்பாளர் பேர்களுக்குக் குறுக்காக இரண்டு வரி.
வாசிக்க முதலே வயிறு முந்திக்கொண்டது.
கோஷமாக இருக்குமோ, திரும்பி வராத யாருடையவும் பேரோ,
பிரெஞ்சில் அதற்கு என்ன சொல்வேன்.

*குப்பைப் பை ஒண்டு ரெண்டு பிராங்க் எண்டால்
பம்பர்ஸ் கட்டுற பிள்ளை வச்சிருக்கிறவை என்ன செய்யிறது?*

அந்த 'பை'யின் கொம்பு, கோபித்த பூனையின் வால்.
கோயில் அர்ச்சனைச் சீட்டுகளில் பார்த்த கை அது.
ஆளைத் தெரியும். சொல்லவில்லை.
வாக்கு இரகசியம்.

"வேட்பாளர் பேரா?"
"இல்லை."
"திட்டா?"
"இல்லை மிஸ்யூ, கேள்வி."
மொழிபெயர்த்தேன். யாரும் சிரிக்கவில்லை.
இரட்டைப் பிள்ளைக்காரி மதாம் ஷெத்லா மட்டும்
"சரியாகத்தானே கேட்டிருக்கு" என்று
கோப்பிக் கோப்பைக்குள் சொன்னாள்.

சட்டம் சட்டம்தான். சிவப்பு முத்திரை விழுந்தது.
செல்லாது என்ற பட்டத்தோடு
அது தன் பெட்டிக்குள் சென்றது.
அறிக்கையில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது.
'வாசிக்க முடியாதது' என்று எழுதினார் வுவாரோல்.

"நான் வாசித்தேனே" என்றேன்.

பேனை நின்றது.
ஊர்ச்சனம் வேட்பாளரை வெட்டுகிற மாதிரியே
ஒரே கோட்டில் அதை வெட்டினார்.
மேலே இடமில்லாமல் பொடி எழுத்தில்
'கேள்வி உள்ளது' என்று எழுதினார்.

பேக்கரிக்காரர் பதினொரு வாக்கில் தப்பினார்.
வெளியே மழைத் தூறல், குழாயிசைக்காரர் இரண்டுபேர்
கருவியை ஜாக்கெற்றுக்குள் மூடிக்கொண்டு ஓடினார்கள்.
ஞாயிறென்றபடியால் ஸ்டேஷன் கடை மட்டும் திறந்திருந்தது.
வீட்டில் பை முடிந்தது நினைவுக்கு வந்து
ஒரு சுருள் வாங்கினேன்.
பத்துப் பை. இருபது பிராங்க்.
பற்றுச்சீட்டை எறியாமல் வைத்திருக்கிறேன்.