சேத அறிக்கை

பல்லார்ட் எஸ்டேட்டில் மூன்றாவது மாடி.
ஏசி பத்தொன்பதில்.
மேசைமேல் எண்பத்தேழு உருப்படி:
சூப்புத் தட்டு, கறித் தட்டு, மீன் பரிமாறும் நீள்தட்டு,
மூடியில்லாத ஒரு கிண்ணம்,
கிண்ணமில்லாத ஒரு மூடி.
இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாது, வைத்துப் பார்த்துவிட்டேன்.

இடக்கைக்கு மட்டும் கையுறை.
வலக்கை நகத்தால் தட்டிக் கேட்பதுதான் வேலை.
நல்ல பீங்கான் ணங்கென்று கொஞ்ச நேரம் நிற்கும்.
விரிசல் கண்டது
சொல்ல வந்ததை விழுங்கிவிடும்.

ஒவ்வொன்றின் நடுவிலும்
அட்மிரல் ஹெஸ்கெத் வார்னின் குலச்சின்னம்.
கேடயம், நங்கூரம், ஒரு கயிற்றுச் சுருள்,
அதன்மேல் பின்னங்காலில் நிற்கும் சிங்கம்.
மூன்று போர்க்கப்பல்களை ஒரே மழை இரவில் கொளுத்தியவராம்.
அன்றைக்குச் செவிடானவர்
பிறகு யார் பாராட்டியதும் கேட்கவில்லையாம்.
இதெல்லாம் கேட்லாக்கில் தடித்த எழுத்தில் வரும்.
பெயர் இல்லாவிட்டால் ஒன்றரை லட்சம்.
பெயரோடு நாற்பது.

கேண்டனில் வரைந்தவன் சிங்கத்தைப் பார்த்ததில்லை.
லண்டனிலிருந்து போன தாளில் கடல் தண்ணீர் பட்டு
முகம் மட்டும் கரைந்திருக்க வேண்டும்.
தெரிந்த முகம் ஒன்றை வைத்துவிட்டான்:
உருண்டைக் கன்னம், தூக்கிய புருவம்,
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல் ஒரு பார்வை.
எண்பத்தேழு தடவையும் அதே ஆள்.
ஒரு மயிரிழை கூடப் பிசகவில்லை.

கைகுஷ்ரு தாருகானாவாலா
பிஸ்கட் டப்பாவில் கடிதத்தைக் கொண்டுவந்தார்.
முதல் பக்கத்தில் அட்மிரல் எழுதுகிறார்,
என் சின்னம் பொறித்த தட்டுகள்
பம்பாய் வந்து சேர்ந்தன என்று.
ஷிரோட்கர் சார் அங்கேயே கைதட்டினார்.
நான் தாளைத் திருப்பினேன்.

இது சிங்கமா, சுங்க இலாகா குமாஸ்தாவா?
இந்த மூஞ்சியின் மேல் வைத்து ஆட்டுக்கறி தின்ன
நான் இத்தனை சண்டை போடவில்லை.
காலணா தர மாட்டேன்.
கேட்கிறவனுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கேட்டவர் தாருகானாவாலாவின் கொள்ளுத்தாத்தாவுக்கும் மூத்தவர்.
மஸ்ஜித் பந்தர் கிடங்கில்,
வைக்கோலோடு சேர்த்து எடைபோட்டு வாங்கினாராம்.

முதல் பக்கம் மட்டும் ஸ்கேன் பண்ணு போதும்,
என்றார் ஷிரோட்கர் சார்.
இரண்டையும் பண்ணினேன்.
இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை.

நாற்பத்தொன்றாம் உருப்படியைச் சாய்த்து
விளக்கடியில் பிடித்தேன்.
மற்றதெல்லாம் கண்ணாடிபோல் இருக்க, இதில் மட்டும்
சிங்கத்தின் மூஞ்சி முழுக்கக் கத்திக் கீறல்,
எல்லாம் ஒரே பக்கமாய்ச் சரிந்து.
இடக்கைக்காரர், என்றேன்.
தாருகானாவாலா எழுந்து வந்து பார்த்தார்.
ஃபிரோஸ் சித்தப்பா.
துறைமுகத்தில் எடை குறிக்கும் வேலை.
வேறு தட்டு வைத்தால் எழுந்து போய்விடுவார்.
கடைசித் துண்டை அதன் வாயருகே ஒதுக்கி வைத்து,
நீ சாப்பிடு துரை, என்பார்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
வெளியே ஏதோ கப்பல் சங்கூதியது.

படிவத்தில் எழுதினேன்:
உருப்படி 41. நடுவில் ஆழ்ந்த கீறல்கள். பயன்பாட்டால்.
யாருடைய பயன்பாடு என்பதற்குக் கட்டமில்லை.

ஆன்டாப் ஹில் வந்து சேர ஒன்பதரை.
என் எவர்சில்வர் தட்டின் விளிம்பில்
புள்ளி புள்ளியாய் வெட்டியிருக்கும்:
மு. செங்கமலம், 14.6.81.
எங்கள் வகையறாவில் அப்படி ஒருவர் கிடையாது.
எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியிலோ
எங்களுடையது அங்கே போய், இது இங்கே வந்திருக்கிறது.
அப்பாவின் பெயர் வெட்டிய தட்டில்
அந்த வீட்டில் யாரோ இப்போது
சோறு பிசைந்துகொண்டிருக்கலாம்.

மோரை ஊற்றிச் சாய்த்துக் குடித்தேன்.
புள்ளிகளில் கொஞ்சம் தங்கிவிட்டது.
கழுவும்போது
கட்டைவிரலால் அந்தப் பெயரை அழுத்தித் தேய்த்தேன்,
தினமும் தேய்ப்பதுதான்.