நூறு கற்கள்

லொக்கிட்டாங்குக்கு வடக்கே
நீர் வர மறந்த ஆற்றில்
நூறு கற்கள் பொறுக்கினேன்.
புளியங்கொட்டை அளவு இருந்தால் போதும், நிறம் முக்கியமில்லை
என்கிறது ஆய்வு வழிகாட்டி.

குடைவேல மரத்தடியில் ஒன்பது பெண்கள்.
கழுத்து மூடிய மணிச்சரங்கள்;
முகம் திரும்பினால் தோளும் கூடவே திரும்புகிறது.
தேயிலைச் சரிவில் வளர்ந்த எனக்கு
அவர்கள் மொழி தெரியாது.
லொக்காலே சொல்கிறான்:
“இந்த நூறும்
போன கோடையில் செத்த உங்கள் வெள்ளாடுகள்.
எந்த நோய்க்கு எத்தனை?
பிரித்து வையுங்கள்.”

மணலில் விரலால் வட்டம் இழுத்தேன்.
லொமோ: கண்ணில் பீளை, வாயில் புண், நாறும் கழிச்சல்.
லொவுக்கோய்: நெஞ்சு இறுகி, முனகி, கால் அகட்டி நிற்பது.
எமிட்டினா: சொறி.
என் படிவத்தில் இவற்றுக்கு வேறு பெயர்கள்.
சுருக்கமானவை.
இருமத் தெரியாதவை.

ஒருத்தி எட்டு வைத்தால் இன்னொருத்தி மூன்றைத் திரும்ப எடுத்தாள்.
“உன் கிடா லொமோவிலா செத்தது?
தின்றது பிளாஸ்டிக் பை!”
சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
கடைசியில்
லொமோ நாற்பத்தொன்று,
லொவுக்கோய் இருபத்தாறு,
சொறி ஒன்பது.

வட்டத்துக்கு வெளியே இருபத்துநாலு கற்கள்.
“இவை?”
அரூப்பே தலை நிமிராமல் சொன்னாள்:
“தடுப்பூசி வண்டி வருகிறது,
மந்தையை நகர்த்தாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்களே.
நாங்கள் நகரவில்லை.
புல் தீர்ந்துபோனது.”

படிவத்தில் தேடினேன்.
‘மற்றவை’ என்று ஒரு கட்டம் இருந்தது,
இருபத்துநாலு என்று எழுதத்தான் இடம்.

அப்போதுதான் நாவோய் எழுந்தாள்.
எல்லாக் கற்களையும் இரு கையாலும் கூட்டி
என் முழங்கால்வரை தள்ளினாள்.
“இனி நீ பிரி.
மூன்று வருடமாய் எங்கள் ஆடுகளின் கழுத்தில் குத்தி
ரத்தம் கொண்டுபோகிறாய்.
அந்த ரத்தம் இந்த நூறு.
எது எங்கே போனது?”

ஆட்டுக்கோலால் அவளே வட்டம் போட்டாள்,
நான் போட்டதைவிட நேர்த்தியாக.

நைரோபி உறைபெட்டிக்கு முப்பத்தைந்து வைத்தேன்.
ஏப்ரலில் மின்சாரம் போய்க் கெட்டவை அதில் பன்னிரண்டு
என்று ஏன் சொன்னேனோ.
“அதைத் தனியாக வை” என்றாள்.
வைத்தேன்.
கடல் தாண்டிய ஆய்வகத்துக்கு இருபது.
எந்தத் தடுப்பூசி என்று முடிவெடுத்த கூட்டத்துக்குப் பதினாலு;
முடிவு சரிதான், வண்டிக்குத்தான் டீசல் இல்லை.
அட்டவணைகளுக்கும், மாநாட்டு மேடைக்கும்,
என் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்த
முனைவர் என்ற சொல்லுக்குமாக
முப்பது.

கையில் ஒன்று மிஞ்சியது.
காலியாக ஒரு வட்டமும்.
அதன் பெயரை யாரும் சொல்லவில்லை;
அதற்குள் நாவோயின் நிழல் விழுந்திருந்தது.
ஒன்பது பேரும் என் விரலைப் பார்த்தார்கள்.

பட்டியில் ஒரு ஆடு இருமியது.
ஈரமான, நீண்ட இருமல்.
மூக்கில் சளி காய்ந்து ஒட்டியிருந்த
கறுப்பு வெள்ளைப் பெட்டை.

கல்லை வைக்காமலே எழுந்தேன்.
யாரும் கேட்காமலே
நாவோய் வந்து கொம்பைப் பிடித்துக்கொண்டாள்.
வெப்பமானியைச் செலுத்தி
ஒரு நிமிடம் விலா ஏறி இறங்குவதை எண்ணினேன்.

நாற்பத்தொன்று புள்ளி இரண்டு.

ஏட்டில் எழுதும் முன் அவளிடம் சொன்னேன்.
மூன்று வருடத்தில் முதல்முறை.

புள்ளியை எப்படி மொழிபெயர்ப்பது என்று
லொக்காலே தடுமாறுவதற்குள்
ஆட்டின் காதடியில் கைவைத்து
அவள் சொன்னாள்:
“நேற்று இன்னும் சுட்டது.”

நேற்று.
என் படிவத்தில் இல்லாத நாள்.
கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
ஆட்டின் பக்கத்திலேயே
மணலில் உட்கார்ந்தேன்.
“நேற்று எப்போது?
தின்றதா?
அதற்கு முந்தின நாள்?”