தவறான எண்

கிருனாவில் எங்கள் வீட்டைச் சுரங்கம் தின்றுவிட்டது.
குறை சொல்லவில்லை,
அதே சுரங்கம்தான் எங்களுக்குச் சோறு போட்டது.
நிலம் விரிசல் விட்டதும்
ஊரையே கிழக்கே தள்ளி வைத்தார்கள்,
நோயாளியின் கட்டிலைத் தள்ளுவது போல, மெதுவாக.

புது வீட்டில் சுவிட்ச் கதவுக்கு வலப்பக்கம்.
ஆறு ஆண்டாகியும் என் கை இடப்பக்கம் போகிறது.
வெறும் சுவரைத் தடவி
ஒரு கணம் அங்கேயே நிற்கிறது,
விருந்துக்கு வந்த வீடு பூட்டிக் கிடப்பதைப் பார்த்தவள் போல.

இரவு ஒன்றரைக்குப் பூமிக்கடியில் வெடி வைப்பார்கள்.
பழைய அலமாரியில் கண்ணாடித் தம்ளர்கள்
ஒன்றையொன்று தொட்டுக் கிணுங்கும்.
இங்கே எதுவும் கிணுங்குவதில்லை.
இருந்தும் ஒன்றரைக்கு விழித்துக்கொள்கிறேன்,
அவை கிணுங்காததைக் கேட்க.

ஞாபகமே,
உன்னிடம் நான் கேட்டது இதையெல்லாம் அல்ல.
என் தம்பி எய்னோவின் குரலைக் கேட்டேன்.
பதினோரு ஆண்டுகள் கேட்டேன்.
நீ தந்தாய்
அவன் லாக்கர் எண்ணை,
வெப்பக் குழாய்மேல் காய்ந்த கையுறையின்
ஈரக் கம்பளி நாற்றத்தை,
உறைந்த ஏரியில் துளை போட்டு மீனுக்குக் காத்திருந்த அன்று
காப்பியில் அவன் மிதக்கவிட்ட பாலாடைக்கட்டியை,
அது பல்லில் கீச்சிட்ட சத்தத்தை.
சத்தம்கூடத் தந்தாய்!
குரலை மட்டும் தரவில்லை.
அதைப் பதிவு செய்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை.
தினமும் கேட்பதை யார் பதிவு செய்வார்கள்?

பிப்ரவரியில் ஒரு வியாழன்.
பால், உருளைக்கிழங்கு, இரண்டு பல்பு.
கார்டைச் செருகினேன்.
விரல்கள் தாமாக நான்கு எண்களை அழுத்தின.
தவறு என்றது இயந்திரம்.
மறுபடி அழுத்தின. தவறு.
மூன்றாம் முறை நான் வேடிக்கைதான் பார்த்தேன்,
யாருடைய விரல்களையோ பார்ப்பது போல.
நான்கோடு நிற்காமல்
ஐந்தாவது எண்ணுக்கும் போயின.

பழைய வீட்டுத் தொலைபேசி.

சுரங்கத்துச் சலவைக் கூடத்திலிருந்து அழைத்தால்
எய்னோதான் எடுப்பான்.
எங்கள் வடக்கில் ஆமாம் சொல்ல வாய் வேண்டாம்,
மூச்சைச் சட்டென உள்ளே இழுத்தால் போதும்,
பனி விழும்போது கதவைத் திறந்து மூடுகிற அளவு.
நான் எதுவும் கேட்பதற்கு முன்பே
அப்படி ஒரு ஆமாம் சொல்வான் அவன்.
அந்த மூச்சு.
என் இடக் காதில்,
கொஞ்சம் மூக்கடைப்போடு.

"நம்பர் மறந்துபோச்சா?"
கல்லாவில் இருந்த பையன் கேட்டான்,
சட்டையில் யூனஸ் என்று பெயர்.
"இல்லை, ஞாபகம் வந்துவிட்டது."
அவனுக்குப் புரியவில்லை.
பின்னால் வரிசை நீண்டிருந்தது.
பாலை அங்கேயே விட்டு வந்தேன்.

என் கையில் தந்திருந்தால்
தினமும் எடுத்துத் தேய்த்தே தீர்த்திருப்பேன்.
தெரிந்துதான் நீ
என்னிடம் சொல்லாமல்
என் விரல்களிடம் கொடுத்து வைத்தாய்.
கொடுத்து வைத்தவள் நான்.
நன்றி,
சுவரைத் தடவும் இந்தக் கைக்கும் சேர்த்து.

கார்டு முடங்கிவிட்டது.
புதியது வரப் பத்து நாள் ஆகும்,
பரவாயில்லையா என்று போனில் கேட்டாள் வங்கிக்காரி.

மூச்சை உள்ளே இழுத்தேன்.