ஆறாம் பயிற்சி, மூன்றாம் திருத்தம்

தலவாக்கலையில் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடி.
முதல் சனிக்கிழமை வகுப்பு முடிந்து
பதினோரு விடைகளைத் திறந்து பார்த்தேன்.
பதினொன்றும் சரி.
பதினொன்றிலும் குளோன்.

கம்பைலர் சிவப்பில் கத்திய இடமெல்லாம்
ஒரு பிரதி எடுத்துப் போட்டு
அதன் வாயை அடைத்திருந்தார்கள்.

பிழை அவர்களுடையதல்ல.
கேள்வி அப்படி:
"ஆப்பிள் என்ற சொல் ஒரு மாறியில் இருக்கிறது.
அதை இன்னொரு மாறிக்குக் கொடு.
பிறகு முதலாவதை அச்சிடு."
யார் கொடுக்கிறார்? எதற்கு?
கொடுத்துவிட்டவரிடமே திரும்பப் போய்
ஏன் கேட்க வேண்டும்?
எழுதிய எனக்கே தெரியாது.

இரண்டாம் திருத்தத்தில் ஆப்பிளை எடுத்துவிட்டுக்
கொழுந்து நிறுக்கும் புத்தகத்தை வைத்தேன்.
புத்தகம் ஒன்று, உரிமையாளர் ஒருவர்.
வாசிக்க மட்டும் என்றால்
எத்தனை பேரும் ஒரே நேரத்தில் இரவல் வாங்கலாம்.
எழுத வேண்டுமென்றால் ஒரே ஒருவர்;
அவர் முடிக்கும்வரை
வேறு யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

நன்றாகத்தான் போனது,
மருந்துக்கடையில் பில் போடுகிற மிதுர்ஷா
கை தூக்கும்வரை.

"மிஸ், இது எங்க மலையில நடக்கிறதுதானே?
கணக்கப்பிள்ளை எழுதுவாரு.
நாங்க எட்டிப் பாக்க ஏலாது.
அம்மா பதினெட்டுக் கிலோன்னு சொல்லும்,
புத்தகம் பதினாறுன்னு சொல்லும்.
அப்ப தோட்டத்தையும் ரஸ்ட்லதான் எழுதியிருக்காங்களா?"

வகுப்பு சிரித்தது. நானும்.
எல்லோரும் படியிறங்கிய பிறகு
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுதுகிறவர் கையில் இருப்பதும் இரவல்தான், மிதுர்ஷா.
கடைசியாக அவர் தொட்ட வரியோடு அது முடிகிறது.
அடுத்த வரியில் புத்தகம்
எல்லோருக்கும் திறக்க வேண்டும்.
திறக்காமல் போனால் அது விதியால் அல்ல,
அந்த அடுத்த வரியை
யாரோ எழுதாமல் விட்டதால்.

சொல்லிப் பார்த்துவிட்டு
என் பயிற்சியைத் திறக்கிறேன்.
இரண்டு கிலோ கழிக்கும் செயற்கூறு இருக்கிறது.
சாக்கு எடை, ஈர எடை என்று
பக்கத்தில் குறிப்பும் இருக்கிறது.
கழித்ததை யாருக்கும் காட்டாமல்
மூடுகிறது அடைப்புக்குறி.

நானும் அந்த வரியை எழுதவில்லை.

சேர்க்கிறேன்:
கழிக்கும் முன் ஒருமுறை அச்சிடு.
கழித்த பின் ஒருமுறை.
நடுவிலும் அச்சிட்டுப் பார், கம்பைலர் மறுக்கும்;
ஏன் என்று உன் சொல்லில் எழுது.
குளோன் தடை.

கடைசி இரண்டு சொல்லை மட்டும்
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
கலண்டர் தாளின் பின்பக்கம்
தினம் தன் கிலோவைத் தானே எழுதி வைக்கிற ஒருத்தி
எந்த லயத்திலும் இருக்கக்கூடும்.
அவள் எடுக்கும் பிரதி சோம்பல் இல்லை.

அழிக்கிறேன்.
"குளோன் போட்டால், காரணம் சொல்."

கீழே ஷட்டர் இழுபடுகிறது.
ஓட்டிப் பார்க்கிறேன்.
ஒரு பிழை, பதினேழாம் வரி:
அரைப்புள்ளியை விட்டிருக்கிறேன்.